ஆலிவர்

மலிவான ஒரு பழைய காரில் பாலைவனத்தைக் கடக்கச் சொன்னால் எந்தக் காரை எடுத்துக்கொள்வீர்கள்? பதில் சொல்லுமுன் ஒரு டி.வி. கூத்தைக் கேளுங்கள்.

பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ பார்த்திருப்பீர்கள். ஜெரமி கிளார்க்ஸன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேம்ஸ் மே என்று மூன்று பேர், கார்களைப் பற்றிப் பேசுகிற சாக்கில் ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் கிராமத்தில் காலந்தள்ள முடியாது என்கிற பிரிட்டிஷ்காரர்களை மடக்க, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவைச் சாதாரண கார்களில் குறுக்கே கடந்தார்கள். ஜிம்பாப்வே எல்லையிலிருந்து நமீபியா எல்லை வரை சுமார் 1,600 கிலோமீட்டர். ஒளிபரப்பானது 2007 நவம்பரில்.

பட்ஜெட் ஆளுக்கு 1,500 பவுண்டு. கிளார்க்ஸன் வாங்கியது லான்ஸியா பீட்டா கூப்பே. பார்க்க அழகு, துருப்பிடிப்பதில் அந்த மாடலின் புகழ் உலகறிந்தது. மே வாங்கியது மெர்சிடிஸ் 230ஈ. ஆப்பிரிக்காவில் டாக்ஸியாகவே பல ஆயுள் வாழ்ந்த ரகம். ஹாமண்ட் தேர்ந்தெடுத்தது 1963-ம் வருஷத்து ஓப்பல் காடெட். இன்ஜின் ஒரு லிட்டருக்கும் குறைவு, சக்தி 40 குதிரை. மற்ற இருவரும் சிரித்தார்கள். யாருடைய கார் படுத்துவிடுகிறதோ அவர் மிச்ச தூரத்தை ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் போகவேண்டும் என்பது தண்டனை.

மக்காடிக்காடி என்கிற உப்புவெளி வந்தது. எப்போதோ வற்றிப்போன மாபெரும் ஏரியின் தரை. மேலே அப்பளம் மாதிரி உப்புப் படலம், கீழே சேறு. கனமான வண்டி அப்பளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். கிளார்க்ஸனும் மேயும் கதவு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்கள். பிற்பாடு சிங்கம் நடமாடும் பகுதி வந்தபோது, கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களை வைத்துக் கதவு செய்யவேண்டி வந்தது வேறு கதை.

ஹாமண்ட் தன் காரில் கைவைக்க மறுத்தார். அதற்குள் ‘ஆலிவர்’ என்று பெயர் வேறு வைத்துவிட்டார். பெயர் வைத்த பிறகு கதவைப் பிடுங்க மனசு வருமா? சின்ன கார், உடம்பில் சதையே இல்லை. கழற்ற அவசியமும் இல்லை. உப்பின் மேல் சமர்த்தாகப் போனது.

ஆனால் ஒகவாங்கோ பக்கம் ஆற்றைக் கடக்கும்போது ஆலிவர் தண்ணீரில் மூழ்கியது. அப்போது ஹாமண்டின் முகத்தைப் பார்க்கவேண்டும். டி.வி.க்காக நடித்ததாகத் தெரியவில்லை. இரவெல்லாம் வேலை செய்து மறுபடி உயிர் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழைய இன்ஜினில் ஒரு சௌகரியம்: உலர்த்தித் துடைத்தால் மன்னித்துவிடும். கம்ப்யூட்டர் வைத்த இன்றைய கார் மன்னிக்காது.

இதெல்லாம் பாதி நாடகம்தான். பின்னாலேயே காமிராக் குழு, உதவிக்கு ஆட்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரின் பழைய கார் நடுவழியில் நின்றால் பின்னால் யாரும் வரமாட்டார்கள். அவருக்கு அது சவால் அல்ல, செவ்வாய்க்கிழமை.

ஆனால் ஒரு விஷயம் நாடகமில்லை. 2006 செப்டம்பரில் இதே ஹாமண்ட், இதே நிகழ்ச்சிக்காக ஜெட் இன்ஜின் வைத்த கார் ஒன்றை ஓட்டினார். மணிக்கு 464 கிலோமீட்டர் வேகத்தில் முன் டயர் வெடித்து வண்டி புரண்டது. மூளையில் பலத்த அடி, கோமா. பிழைத்ததே அதிசயம். அடுத்த வருஷம் அந்த மனிதர் காதலித்தது எதை? நாற்பது குதிரை சக்தியுள்ள, அவரைவிட வயதில் மூத்த ஒரு காரை. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. நீங்கள் போட்டுக்கொண்டால் தடுக்கமாட்டேன்.

பயணம் முடிந்ததும் ஆலிவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்து வைத்துக்கொண்டார். லாப நஷ்டம் பார்க்கிறவர் செய்கிற காரியமில்லை.

2024-ல் வெளியான, மூவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த பயணமும் ஜிம்பாப்வேயில் ஆரம்பித்து, இதே போட்ஸ்வானா உப்புவெளியில் உள்ள கூபு என்கிற பாறைத் தீவில்தான் முடிந்தது. உலகத்தின் அத்தனை விலையுயர்ந்த கார்களையும் ஓட்டிப் பார்த்தவர்கள் விடைபெறத் தேர்ந்தெடுத்த இடம் அது.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். என் பதில்: எந்தக் கார் மூழ்கினால் நீங்கள் விட்டுவிட்டுப் போகமாட்டீர்களோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.