வேலையோடு வேலையாக

எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. திருச்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ரத்தக் குழாய்களுக்கும் அறிக்கைகளுக்கும் நடுவே ஆறு நாள் ஓடிவிடும். ஏழாவது நாளைத்தான் அம்மாவுக்காக எடுத்து வைத்திருப்பேன். செப்டம்பர் கடைசியில் மகளுக்குக் காலாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ள, காலை ரயிலில் இருவரும் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய பட்டியலை நீட்டினாள். மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்ற வேண்டும். பச்சரிசியை மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். தையல்காரரிடம் ரவிக்கை. கொலுவுக்கு ஒரு ஜோடி தலையாட்டி பொம்மை. திருவையாற்றில் இருக்கும் பெரியம்மாவுக்குப் புடவையும் கண் சொட்டு மருந்தும். கடைசி வரியில் ஒரே ஒரு சொல்: வீணை.

அந்த வீணை அம்மா கல்யாணத்துக்கு முன் கற்றுக்கொண்டது. சரசுவதி பூசைக்கு மட்டும் உறை கழற்றிப் பொட்டு வைப்போம். மறுநாள் மறுபடி பரணுக்கே போய்விடும். மெழுகு இறுகி, மெட்டுகள் இடம் பெயர்ந்து, எந்தச் சுரமும் அதன் இடத்தில் இல்லாமல் போயிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான்தான் அதைப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்று மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மாவு மில்லிலும் கண்ணாடிக் கடையிலும் காரியம் சீக்கிரம் முடிந்தது. தலையாட்டி பொம்மைகளை மகளே தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் ஒன்றைச் சாய்த்துப் படுக்கவைத்தார். அது அடிக்கனத்தால் தானாக எழுந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவையாறு பேருந்தில் ஏறினோம்.

அந்தச் சாலையில் என் சிறு வயது விளையாட்டு ஒன்று உண்டு. ஆறு எண்ணுவது. அதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வடவாறு. பிறகு வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி. ஒவ்வொரு பாலத்திலும் அவள் ஒரு விரலை மடக்கினாள். அரை மணி நேரத்துக்குள் ஐந்தாவது விரலுக்கு அகலமான காவிரி வந்தது. கரையோர நாணல் தலை சாய்க்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. "அதான் ஐயாறா?" என்று கேட்டவள், மடக்கிய கையைப் பிரிக்காமலே இறங்கினாள்.

பெரியம்மாவுக்கு மருந்தைப் போட்டுவிட்டு, புடவையை மடியில் வைத்தேன். "இந்தக் கலரு எனக்கு எடுக்குமாடி?" என்று கேட்டுக்கொண்டே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கிளம்பும்போது பாசிப்பருப்பில் கிண்டிய அசோகாவை வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். "தியாகையரைப் பாக்காமப் போவாத. புள்ளைக்குக் காட்டு."

திருமஞ்சன வீதியில் தியாகையர் என்கிற சங்கீத மேதை தியாகராஜர் வாழ்ந்த இடம் இன்று நினைவில்லமாக இருக்கிறது. நாங்கள் போனபோது தெருவில் ஒரு பெண் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்திருந்தார். இந்த மாதிரித் தெருக்களில்தான் தியாகராஜர் செம்பும் தம்புராவுமாக உஞ்சவிருத்திக்கு நடந்திருப்பார். வீட்டுக்கு வீடு கொடுக்கும் அரிசியை வாங்கிக்கொண்டு, பாடிக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவது உஞ்சவிருத்தி. அவர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனை நாளில் இன்றும் அந்த வழக்கத்தைப் பின்பற்றிப் பாடகர்கள் ஊர்வலமாக வருகிறார்கள்.

"அரிசி வாங்கப் போறப்பவா பாடினார்?" என்று மகள் கேட்டாள்.

ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்குள் இறங்கியது. இத்தனை வருடமும் நான் வேலையை ஒரு பக்கமும் பாட்டை இன்னொரு பக்கமும் வைத்திருந்தேன். சில்லறை வேலைகள் முடிந்தால் பாட்டுக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பினேன். அன்றன்றைக்கான அரிசியைத் தேடிப் போகும் நடையையே பாட்டுக்கான நேரமாக வைத்திருந்த ஒருவரின் தெருவில் அப்போது நின்றுகொண்டிருந்தேன்.

காவிரிக் கரையில் சமாதிக்குப் போனோம். 1847-இல் தியாகராஜர் மறைந்த பிறகு பல காலம் அந்த இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைக் கோயிலாக்கியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் நகைகளையும் சேமிப்பையும் கொடுத்து, 1925-இல் குடமுழுக்கு நடத்திவைத்தார். ஆராதனையில் பெண்கள் பாட இடம் மறுக்கப்பட்டபோது, பெண்களைக் கொண்டே தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். நிலம் வாங்குவது, கல் கொண்டுவருவது, மேடை போடுவது, விளக்குக்கு எண்ணெய் பார்ப்பது என அந்தப் பெரிய சங்கீத விழாவுக்கு அடியில் ஒரு பெண்ணின் எத்தனையோ நடைகள் கிடக்கின்றன. 1952-இல் அவர் காலமானார். அவருடைய சிலை இன்றும் தியாகராஜர் சன்னதியைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. மகள் அந்தச் சிலைக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றாள்.

தஞ்சாவூர் திரும்பிச் சாப்பிட்டபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வீணைக்கு இன்னும் நேரம் இருந்தது. "ஒரு படம் போடேன்" என்றாள் அம்மா. எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'ஒரு படம்' என்றால் தில்லானா மோகனாம்பாள்தான்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் அது. கோபுலுவின் படங்களோடு வந்த அந்தப் பக்கங்களைத் தாத்தா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்தார். டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது அம்மாவுக்குப் பதினோரு வயது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வாள்.

பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் நான் ஒன்றைக் கவனிப்பேன். திரையில் நாகஸ்வரம் வாசிப்பது சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும். காற்று வருவது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நெஞ்சிலிருந்து. சிவாஜியின் விரல் துளை விட்டுத் துளை போவதும், கன்னம் உப்புவதும், மூச்சு வாங்கும் இடத்தில் தோள் ஏறி இறங்குவதும் அவர்களின் வாசிப்போடு இசைந்து வரும். பத்மினி ஆடிக்கொண்டே காயம்பட்டவனை நலம் விசாரிக்கும் அந்தப் பாட்டு வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. சுசீலாவின் குரல் ஒரு கேள்வி கேட்க, நாகஸ்வரம் அதற்குப் பதில் சொல்ல, மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"நாகஸ்வரம் என்ன மரம் அம்மாச்சி?"

"ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டையில செய்வாங்க. புது மரம் ஆகாது. பழைய வீட்டுத் தூணு, உத்தரம் எல்லாம் வாங்கி வச்சுக் கடைவாங்க."

ஒரு வீட்டின் கூரையை வருடக்கணக்கில் சுமந்து காய்ந்த மரம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் அந்தச் சுமையும் அந்த வயதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்து மணிக்கு வீணைப் பட்டறைக்கு மூவருமாகப் போனோம். முழங்கால் வலியோடு அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பட்டறை முழுக்கப் பலாமர வாசனை. பாதி குடைந்த குடங்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. வீணைக்கு இருபத்து நான்கு மெட்டுகள். தேன்மெழுகோடு கரி கலந்து தண்டியில் கட்டி, அதில் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுப் பதிக்க வேண்டும். 'மேளம் கட்டுவது' என்று அதைச் சொல்கிறார்கள். கைவினைஞர் கடைசி மெட்டை மயிரிழை நகர்த்தினார், தந்தியை மீட்டினார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி நகர்த்தினார். ஐந்தாறு தடவை. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆறாவது தடவை அம்மா "இப்ப" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்கு வாசிப்பு உண்டுங்களா?"

"இருந்துச்சு" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் உறை போடாமல் கூடத்தில் பாயை விரித்தேன். அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தாள். நாற்பது வருடம் அரிவாள்மணையும் அம்மியும் பிடித்த விரல்கள் முதலில் தயங்கின. எனக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ஏன் விட்டாய் என்று பல முறை மனதுக்குள் கேட்டிருக்கிறேன். எங்களை வளர்த்ததில் உன் பாட்டு போய்விட்டதோ என்ற குற்ற உணர்வு அந்தக் கேள்விக்குள் எப்போதும் இருந்தது. இன்று கேட்டுவிட்டேன்.

அம்மா தந்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கடி விட்டேன்? வீணையத்தான் தூக்கி வச்சேன். மாவு ஆட்டுறப்ப, ஒன்ன தூளியில போட்டு ஆட்டுறப்ப, வேலையோட வேலையாப் பாடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ கேட்டுத்தானே தூங்கின."

மோகனத்தில் ஐந்து சுரங்களையும் மேலே ஏறி, கீழே இறங்கிப் பார்த்தாள். இரண்டாம் முறை விரலில் தெளிவு வந்தது. மகள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். மூன்றாம் முறை மேல் ஸ்தாயியைத் தொட்டபோது அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டது. அம்மா வீணையை என் மடியில் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மெட்டின் மேல் அவள் விரல் வைத்திருந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மகள் தாளத்தை நிறுத்தவில்லை. நான்கைந்து தட்டு கழித்து, பாத்திரம் நகரும் ஓசைக்கு நடுவே, விட்ட இடத்திலிருந்து அதே மோகனம் அடுப்படியிலிருந்து குரலாக வந்தது.