கானில் கிடந்த சல்லி

சாக்கைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் தரையில் கொட்டச் சொல்வேன். எடை பிறகு. முதலில் பார்க்க வேண்டும். பதுளையில் முப்பது வருஷமாகப் பழைய இரும்பும் பித்தளையும் போத்தலும் வாங்குகிறேன். அந்தக் கொட்டிப் பார்க்கும் நேரம்தான் எனக்கு நாளின் நல்ல நேரம். பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கத்து லயங்களிலிருந்து வரும் சாக்குகளில் துருவேறிய கவ்வாத்துக் கத்தியும் உடைந்த மண்வெட்டியும் பீலிக் குழாயும் இருக்கும். அவற்றுக்கு நடுவே எப்போதாவது மண் ஒட்டிய ஒரு வட்டம் உருண்டு வரும். அது காசா, குப்பையா என்று சொல்லப் பழகியதுதான் என் தொழிலில் நான் உண்மையாகக் கற்ற பாடம்.

லண்டனில் இருக்கும் என் மச்சான் உலோகம் காட்டும் கருவியோடு பூங்காக்களில் நடப்பவர். அவர் எனக்கு அதைத் தொலைபேசியில் காட்டியிருக்கிறார். கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் பதில் சற்றுத் தாமதித்துத் திரும்பும். இரும்புக்குக் கீழ்த்தொனி, செம்புக்கும் வெள்ளிக்கும் மேல்தொனி. நடுவில் அலுமினியத் தாள், குளிர்பான டின்னின் இழுப்பு வளையம், தங்க மோதிரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். அமெரிக்கர்களின் ஐந்து சென்ட் நிக்கல் காசும் அந்த வளையத்தின் பக்கத்திலேயே விழும். அதனால் பழகிய கை எண்ணை மட்டும் நம்பாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் வீசிப் பார்க்கும். இரு திசையிலும் ஒரே தொனி வந்தால் வட்டமாக இருக்கக்கூடும், தொனி தடுமாறினால் நெளிந்த தகரம் என்பார் மச்சான்.

அந்தக் கருவியை நம் மண்ணில் வீசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஊவாவின் சிவப்பு மண்ணில் இரும்புச் சத்து அதிகம், மண்ணே கருவிக்குப் பதில் சொல்லும். அதை விட்டாலும் நமது காசுகளே அதற்கு எதிராக நிற்கும். 2005இல் வெளிவந்த காசுகள் உருக்கின் மேல் வேறு உலோகம் பூசப்பட்டவை. இரும்பைத் தவிர் என்று கருவிக்குச் சொன்னால் அவையும் குப்பையோடு போய்விடக்கூடும். 1963இல் வந்த ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம். 1978இல் ஐந்து சதமும் பத்து சதமும் அலுமினியமாயின. கருவியின் காதுக்கு இவை சிகரெட் பெட்டித் தாளும் டின் வளையமும்தான். ஆகவே இந்த மலையில் காசைப் பிரிக்க விரல் நுனி வேண்டும், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வேண்டும், பொறுமை வேண்டும்.

காசைத் தேடுகிறவன் குப்பையைத்தான் முதலில் படிக்க வேண்டும். எங்கள் மலையின் குப்பை வேறு ஊர்க் குப்பை மாதிரி இருக்காது. லயத்துத் தகரக் கூரை ஆணியின் வாஷர்தான் முதல் ஏமாற்றுக்காரன். அளவும் வட்டமும் காசுபோலவே இருக்கும். அடுத்தது தேயிலைப் பெட்டி. கடதாசிச் சாக்கு வருவதற்கு முன் தேயிலை பலகைப் பெட்டியில்தான் போனது. பெட்டியின் விளிம்பெல்லாம் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத் தாள். ஈயத்தாளை மடித்துக் கல்லால் தட்டி வட்டமாக்கி, சல்லி என்று வைத்து விளையாடுவார்களாம் அப்பாயி காலத்துப் பிள்ளைகள். அந்த விளையாட்டுச் சல்லி இன்றும் மண்ணிலிருந்து வருகிறது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும், சீமெந்தில் போட்டால் சத்தமே எழாது. சோடா மூடி, சட்டைப் பொத்தான், துரைமார் குதிரையின் லாடத் துண்டு ஆகியவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

வாஷரைப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓட்டை போட்ட கறுத்த வட்டம் ஒன்றை வாஷர் என்று ஈயக் குவியலில் எறிந்தேன். சாக்கு கொண்டுவந்த அம்மாயி அதைக் குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்தார். "தம்பி, வாஷருக்கு ஓட்டை நடுவுல இருக்கும். இது ஓரத்துல இருக்கு பாரு. எங்க அம்மா கழுத்துல கெடந்த காசு இப்படித்தான் இருக்கும்" என்றார். விளிம்பருகே துளையிட்டு மாலையில் கோத்த வெள்ளி ரூபாய் அது. அன்றிலிருந்து ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வட்டத்தையும் நான் எறிந்ததில்லை.

அந்த ரூபாய் இந்தியாவினது. இலங்கையில் 1872 முதல் ரூபாயும் சதமும் கணக்கானாலும், ரூபாய்க் காசாகப் புழங்கியது இந்திய வெள்ளி ரூபாய்தான். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்தியாவிலிருந்து கடலையும் காட்டையும் கடந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் சேமிப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். கங்காணியின் கடனும், அந்தக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டும் ஆளை அழுத்திய காலம் அது. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கழுத்தில் கிடந்த காசு எப்போது அறுந்து, எந்த வடிகால் கானில் விழுந்ததோ!

கான் என்றதும் நினைவு வருகிறது. தேயிலை மலைக்கு நடுவில் காசு கிடைப்பது அரிது. காசு கிடைப்பது மடியை அவிழ்த்த இடங்களில். பீலிக்கரை, மாரியம்மன் கோவில் வாசல், பெரட்டுக்களம், சம்பளம் கொடுத்த மேசையின் சுற்றுப்புறம், வெற்றிலைக் கடைப் படி. அங்கே விழுந்ததை மழை இழுத்துக் கானுக்குக் கொண்டு போகும். மணல் ஓடிவிடும். காசு கனத்தால் சரளைக்கல்லோடு நின்றுவிடும். ஊவாவுக்கு மாரிமழை ஐப்பசி தொடங்கித் தை வரை. மழை விட்டதும் கான் வெட்டுகிறவர்கள் வரம்பில் அள்ளிப்போடும் சரளையில்தான் எனக்கு வந்த நல்ல காசுகளில் பாதி இருந்தன.

மண் காசை மாற்றிவிடுகிறது என்பதையும் கண் பழக வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், உரம் அதை இன்னும் புளிக்க வைக்கும். செம்பு பச்சையாகி, பிறகு கருத்து, முகம் தின்னப்பட்டுவிடும். வெள்ளி நிலக்கரி போல் கறுக்கும். 1940களில் வந்த நிக்கல் பித்தளைக் காசு நாகத்தை இழந்து செம்பைப் போல் சிவக்கும். அலுமினியம் வெண்பொடி பூத்துப் பொருமும். உருக்குக் காசு துருவில் வீங்கிக் கல்லாகிவிடும். நிறத்தை நம்பினால் தவறுவோம். விளிம்பை நம்பலாம். சதுர ஐந்து சதம் 1909இல் வந்தது, அதன் மழுங்கிய மூலை கைக்குத் தனியாகத் தெரியும். 1944இல் வந்த இரண்டு சதமும் பத்து சதமும் பூவிளிம்பு கொண்டவை. முகமே போனாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எனக்குப் பிரியமானது 1870 என்று பொறித்த செம்புக் காசுகள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் தாளிப்பனை, பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. மெலிந்த கால் சதமும் உண்டு, உள்ளங்கையை நிரப்பும் ஐந்து சதமும் உண்டு. கோப்பித் தோட்டங்கள் இலைநோயில் விழத் தொடங்கிய காலத்தில் வந்த காசு அது. எழுத்துத் தெரியாவிட்டால் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பனை தாளில் எழுந்து வருவதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

அதற்கும் முந்திய காசுகள் உண்டு. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் சிறு செம்புக் காசிலிருந்து வந்தது. அந்தக் காசும், யானை பொறித்த 1815ஆம் ஆண்டு ஸ்டைவரும் நம் மண்ணில் உண்டு. இதற்காக எவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி, பழம்பொருள் தேடி அகழத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஸ்கேனரோடு புதையல் தோண்டியவர்கள் கைதானதைப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். அந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறேன். தோண்டிக் கலைத்த மண்ணில் காசு கிடைக்கலாம், அது யாருடையது, எதோடு கிடந்தது என்பது கிடைக்காது. இங்கிலாந்திலும் புதையல் எனப்படும் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பானையில் குவியலாகக் காசு தென்பட்டால் கையை எடுத்துவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள்.

இப்போது தனி வீடுகள் எழும்ப, லயங்கள் இடிபடுகின்றன. நூறு வருஷம் மிதிபட்ட காம்பிராத் தரை பெயர்கிறது. இடிபாட்டு மண்ணை லொறியில் அள்ளிக் கிடங்கில் கொட்டுவதற்கு முன் ஒரு சல்லடையில் போட்டுப் பாருங்கள். வட்டமாக எது வந்தாலும் எறியாதீர்கள், தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய காசில் பனையும் போகும், எழுத்தும் போகும். பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, ஈர்க்குக் குச்சியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். எந்த லயத்தில், எந்தப் பக்கத்துக் கானில் கிடைத்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி, காசோடு சேர்த்து மடித்து வையுங்கள்.