கிணற்றில் நான்கில் ஒரு பாகம்

பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் எது கைக்கு வந்தாலும் என் கண் முதலில் கிணற்றைத்தான் தேடும். நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம். கிணற்றை என்ன செய்வது? எங்கள் கொங்குப் பக்கத்தில் நேரத்தைப் பிரித்தார்கள். தாத்தா நிலத்துப் பத்திரத்தில் நான்கெல்லை முடிந்த கையோடு கிணற்றிலும் மோட்டாரிலும் மூன்றில் ஒரு பாகம், வாய்க்கால் பாத்தியம், வண்டித்தடம் எல்லாம் வரிசையாக வரும். இன்று பெரியப்பா முறை, நாளை அப்பா, மறுநாள் சித்தப்பா. மோட்டாரில் காயில் எரிந்தால் செலவு மூவருக்கும். ஒருவர் முறையில் கரண்டு போய்விட்டால் அடுத்தவர் அரை நாள் விட்டுக்கொடுப்பார். அது மட்டும் பத்திரத்தில் இருக்காது.

இத்தனை நுணுக்கமாக எழுதியவர்கள் அத்தையின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன பங்கு என்பது அன்றைய நியாயம்.

நிலத்தை விற்க முடிவானபோது, வாங்குகிறவரின் வக்கீல் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் பார்த்துவிட்டு, அத்தை கையெழுத்து இல்லாமல் நடக்காது என்றார். நிலம் தாத்தா சுயமாகச் சம்பாதித்தது. எழுபதுகளில் உயில் எழுதாமல் காலமானார். அப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்துக்குத்தான் மகள்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அதுவும் அந்த மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அவர்களுக்கும் வழி திறந்தது 2005 திருத்தம்.

இந்தக் கட்டத்தில் அக்கா தங்கைகளிடம் வழக்கமாக நீட்டப்படுவது விடுதலைப் பத்திரம். ஒரு கையெழுத்துதானே என்பார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் அவர்களும் போட்டுக்கொடுப்பார்கள். அந்தப் பயத்தை அன்பு என்று பத்திரத்தில் எழுதுவதுதான் எனக்குப் பொறுப்பதில்லை.

அப்பா அதற்கு ஒப்பவில்லை. "அக்காளும் சேந்துதான் விக்கோணும்" என்றார். பாட்டியும் இல்லாததால் அண்ணன் தம்பி மூவரும் அத்தையுமாக நான்கு பங்கு. பத்திர எழுத்தர் நகலைப் படித்துக்கொண்டு வந்தார். சர்வே எண், பரப்பு, எல்லை எதற்கும் அத்தை வாய் திறக்கவில்லை. கிணறு வந்ததும், "அதுல எனக்கு எத்தனை பாகமுங்க?" என்றார்.

"அதெல்லாம் நெலத்தோட சேந்ததுதானுங்கம்மா."

"இல்லீங்க, தனியா எழுதுங்க. வெடி வெச்சு ஆழப்படுத்தினப்பக் கல்லுச் சொமந்தவ நானுங்க."

அப்புறம் அவர் பேச்சு எங்கெங்கோ போனது. தாத்தா கவலை ஓட்டியது, சால் மேலே வந்து கவிழ்ந்ததும் வாய்க்காலில் தண்ணீர் ஓடி வந்த வேகம், மடைமாற்ற மண்வெட்டியோடு தான் வரப்பில் நின்றது, விடிவதற்குள் பாத்தி நிரம்பியிருக்க வேண்டும் என்று தாத்தா அதட்டியது. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா தலை நிமிரவே இல்லை. நகலில் நான்கில் ஒரு பாகம் ஏறியது. மனை போடுகிறவர் மூடிவிடப்போகும் கிணறு அது. அந்தப் பங்குக்குத் தனி விலை கிடையாது. ஆனாலும் அத்தை அதைக் கேட்டு வாங்கினார். கிரயத்தொகையில் நான்கில் ஒன்று அவர் பெயரிலேயே தனி டிராஃப்டாக வந்தது.

கூட்டுச் சொத்தை விற்கப்போகிறவர்கள் தரகரைக் கூப்பிடும் முன்பே உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, அவரவர் பங்கை எழுதிவிட வேண்டும். பெண்களையும் விற்பவர்களாகவே சேர்த்து, பணம் அவரவர் கணக்கில் நேராகப் போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்று ஒருத்தி சொல்வதானால், பங்கு கைக்கு வந்த பிறகு சொல்லட்டும். வாங்குகிறவரின் வக்கீல் கேட்டுத்தான் கூடப்பிறந்தவளின் பெயர் நினைவுக்கு வருகிறது என்றால், அந்த வீட்டு ஆண்களுக்கு அது வெட்கக்கேடு.