பண்ணைக் கடலும் திருக்கை மீனும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து தீவகத்துக்குச் செல்லும் பண்ணைப் பாலத்தின் மேல் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு புதுமை தோன்றும். கடலின் நடுவே மனிதர் நடந்து திரிவர். இடுப்பளவு நீரில் ஒருவர் வலையை ஒதுக்குவார். முழங்காலளவு நீரில் இன்னொருவர் நண்டு தேடுவார். அத்துணை ஆழங்குறைந்த பரவைக்கடல் அது.

சென்ற ஆவணி விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் அறுவருடன் நாமும் அக்கடலில் இறங்கினோம். விலங்கியற் பாடத்துக்கு மட்டியும் நண்டும் சேர்ப்பதே நோக்கம். நாமோ மரக்கறி உண்பவர். மீனைப் பற்றி அறிந்தவையெல்லாம் போத்தலுக்குள்ளும் புத்தகத்துக்குள்ளும் கண்டவையே. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டதும், "மாஸ்டர், பிள்ளையளைக் காலைத் தூக்கி வைக்க விடாதையுங்கோ. நிலத்தோடை இழுத்து இழுத்து நடக்கச் சொல்லுங்கோ. திருக்கை கிடக்கும்" என்றார். தலையை ஆட்டினோம், ஆனால் மாணவர்க்கு அதனைச் சொல்ல மறந்தோம்.

கால் மணி நேரம் கழியுமுன் ஒரு மாணவன் "ஐயோ!" என்று அலறினான். கணுக்காலின் அருகே குருதி பெருகிற்று. எமக்குக் கைகால் ஓடவில்லை. முதியவரே ஓடிவந்து அவனைத் தூக்கிக் கரைசேர்த்து, தெருவோரத் தேநீர்க் கடையிலிருந்து வெந்நீர் வரவழைத்தார். தோல் வெந்துபோகாமல், பொறுக்கக்கூடிய சூட்டில் காலை அதனுள் வைத்திருக்கச் செய்தார். திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டினால் சிதைவது. இதனை நாம் நூலிற் படித்திருந்தோம். எனினும் அவ்வேளையில் அது எமது நினைவுக்கு வரவில்லை. அரை மணி நேரத்தில் பையனின் முனகல் தணிந்தது.

ஆட்டோ வரும்வரை காத்திருக்கையில், முதியவர் தமது வலையில் அகப்பட்ட திருக்கை ஒன்றைக் காட்டினார். விரித்த விசிறிபோன்ற தட்டை உடல், சாட்டைபோன்ற வால். உடம்பில் எலும்பென்பதே இல்லை, எல்லாம் கசியிழையமே. வாலின் மேலுள்ள முள்ளின் இருமருங்கும் பின்னோக்கிய பற்கள் இருப்பதால், தைத்த முள் இலகுவில் கழலாது. அம்முள் முறிந்தாலும் வேறொன்று முளைக்கும். தன்னை மிதித்தவரையன்றித் தேடிச் சென்று எவரையும் அது குத்துவதில்லை. காலை இழுத்து நடந்தால் அதிர்வை உணர்ந்து தானே விலகிவிடும்.

கண் மேலே, வாய் கீழே என்பதே இம்மீனின் விந்தை. மணலிற் புதைந்து கிடக்கும்போது வாயால் நீரை இழுத்தால் சேறும் உட்புகும் அன்றோ? ஆதலால் கண்களின் பின்னேயுள்ள இரு துவாரங்களால் நீரை உள்ளிழுத்து, அடிப்புறத்துப் பிளவுகளால் வெளிவிடுகின்றது. உண்பதைத் தன் கண்ணாற் காண அதற்கு இயலாது. பின் எவ்வாறு மணலுக்குள் மறைந்த புழுவையும் இறாலையும் நண்டையும் மட்டியையும் கண்டுகொள்கின்றது? மோப்பம் ஓரளவு உதவும். மூக்கைச் சூழ்ந்த நுண்ணிய குழிகள் அதைவிட வியப்புக்குரியவை. இத்தாலியரான லொரென்சினி அவற்றை 1678இல் விவரித்தார். அவற்றின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. உயிருள்ள எந்தத் தசையிலும் எழும் மெல்லிய மின்னை அவை உணர்கின்றன. கல்மின் என்னும் அறிஞர் சுறாவையும் திருக்கையினத்து மீனையும் கொண்டு செய்த சோதனைகளை 1971இல் வெளியிட்டார். மணலின் கீழே, மணம் நேரே வெளிவராதபடி ஏகார் கூட்டினுள் ஒரு தட்டை மீனை வைத்தபோதும் அவை தேடிவந்தன. மின்னைத் தடுக்கும் மெல்லிய தாளால் கூட்டை மூடியபோது கண்டுகொள்ளவில்லை. மீனே இல்லாமல் மின்முனைகளை மட்டும் புதைத்தபோது, அவற்றையே இரையென எண்ணித் தோண்டின! இரை கிடைத்ததும் சிறகுகளை அடித்தும் நீரைப் பீச்சியும் மணலைக் கிளறி, தளவரிசைபோன்ற பற்களால் ஓட்டை நொறுக்கி விழுங்கும். நீர் வற்றிய வேளையில் சேற்றில் அவ்வாறான பள்ளங்களைக் காணலாம்.

நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே அம்மீன் குட்டியொன்றை ஈன்றது. பிடிபட்ட திருக்கை அச்சத்தால் இவ்வாறு ஈனுவதுண்டு. திருக்கை முட்டையிடுவதன்று. கரு முதலில் மஞ்சட்கருவை உண்டு, பின்னர் கருப்பைச் சுவர் சுரக்கும் பால்போன்ற நீரால் வளரும். ஓர் ஈற்றில் விரல்விட்டு எண்ணத்தக்க குட்டிகளே பிறக்கும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களுக்கு நேரும் இழப்பை விட இதன் இழப்பு ஆறுவது கடினம். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி 2017இல் இந்நாட்டில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டமை இத்தகைய மீன்களுக்கு எத்துணை வேண்டியதென்பது அன்றுதான் எமக்கு நன்கு விளங்கிற்று. முதியவர் தாயை வள்ளத்தில் இட்டார். குட்டியை நீரில் விட்டார். "இது வளரட்டும் மாஸ்டர்" என்றார்.

ஆசுபத்திரியில் காயத்தைக் கழுவி, முட்துண்டு எதுவும் உள்ளே இல்லையென்று படம் பிடித்துப் பார்த்து உறுதிசெய்தனர். பையனின் தாயாரிடம் நடந்ததை நாமே சென்று கூறினோம். எமது மறதியையும் மறைக்கவில்லை. அம்மையார் ஒன்றும் பேசாமல் எமக்குக் கோப்பி தந்தார். பையனோ, தாயில்லாத அக்குட்டி பிழைக்குமா என்று கேட்டான். திருக்கைத் தாய் ஈன்றபின் குட்டியைப் பேணுவதில்லை. பிறந்த நாள் முதலே குட்டி தானே இரைதேடும், வாலில் முள்ளோடுந்தான் பிறக்கும் என்றோம்.