தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

சுங்கை ரம்பாய் தாழ்வான ஊர். மலாக்கா மாநிலத்தின் தென்பகுதியில், ஜாசின் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. இன்னொரு பக்கம் ஜொகூர் எல்லையில் ஓடும் கெசாங் ஆறு. இடைப்பட்ட நிலமெங்கும் வடிகால் வாய்க்கால்கள். மலாயில் வாய்க்காலைக் குறிக்கும் பரிட் என்ற சொல்லில் தொடங்கும் கம்பத்துப் பெயர்கள் இங்கே அதிகம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துத்தான் இந்த மண்ணில் குடியேறினார்கள், பயிர் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில், பாழடைந்த நீச்சல் குளத்தைச் சீர்செய்ய வருகிறவர் வீட்டுக்காரரிடம் முதலில் சொல்வது இதுதான்: "தண்ணிய எறைச்சிடாதீங்க."

குளம் சீர்செய்யும் அண்ணன் ஒருவர் அதற்குக் காரணம் சொன்னார். குளத்துத் தொட்டியை நிலத்தில் அழுத்தி வைத்திருப்பது அதற்குள் இருக்கும் தண்ணீரின் எடைதான். பத்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 60,000 லிட்டர் நிற்கும். அறுபது டன் எடை. நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் நேரத்தில் அதை இறைத்துவிட்டால், கீழிருந்து தள்ளும் நீர் கான்கிரீட் தொட்டியையே தூக்கிவிடும். சுவர் வெடிக்கும், குழாய் முறியும். பாசியைப் போக்கப்போய்க் குளத்தையே இழப்பார்கள்.

தோட்டங்களை விட்டு வந்த நம் மக்கள் இன்று என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதற்காகவே அவரோடு போனேன். அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது குடும்பம் மெர்லிமாவுக்கு வந்தது. இளவயதில் சிங்கப்பூர்க் கொண்டோக்களில் குளம் கழுவும் வேலை. இப்போது சொந்தத் தொழில். கூட வேலை செய்கிற பையன் அவருடைய அக்கா மகன். "மாமா, பம்ப போடவா?" என்று கேட்டுக் கேட்டே ஒவ்வொன்றையும் செய்தான்.

குளம் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவருடையது. வீட்டை ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விட்டிருந்தார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விருந்தினர் வரவு நின்றது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்தப் பம்பை நிறுத்தினார். பிறகு மோட்டார் இறுகிக்கொண்டது. அப்படியே ஆண்டுகள் ஓடின. நாங்கள் போனபோது தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. இரண்டாம் படி தெரியவில்லை. ரம்புத்தான் இலைகள் அடியில் மட்கிச் சேறாகியிருந்தன. ஓரத்தில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் புழு வளரவிட்டால் வீட்டுக்காரர்மேல் நடவடிக்கை வரும். ஆசிரியர் அண்ணனைக் கூப்பிட்டதே அந்தக் கவலையில்தான்.

முதல் வேலை வலையால் இலை அள்ளுவது. அடி தெரியாத நீரில் கைப்பழக்கத்தாலேயே வலையை ஓட்டி, கறுத்த சேற்றை வாளி வாளியாகத் தென்னைமரத்தடியில் கொட்டினார்கள். இலைக்குப்பை உள்ளே இருக்கும்வரை போடுகிற குளோரின் எல்லாம் அதற்கே தீனியாகும்.

அடுத்தது அளப்பது. "தம்பி, பாத்த ஒடனே குளோரின கொட்டுறவனுக்குப் பூல் வேல தெரியாதுன்னு அர்த்தம். மொதல்ல அளக்கணும்," என்றார். ஒரு சிறு பெட்டியிலிருந்து சோதனைக் குப்பிகளை எடுத்தார். பிஎச் 8ஐத் தாண்டியிருந்தது. பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பகலில் அது ஏறும். வேறு எதோடும் பிணையாமல் வேலைக்குத் தயாராக நிற்கும் தனிக் குளோரின் பூஜ்யம்.

பிஎச்சை ஏன் முதலில் இறக்குகிறார்கள் என்பதில் இந்தத் தொழிலின் பாதி ஞானம் இருக்கிறது. நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் நிற்கிறது. கிருமியையும் பாசியையும் விரைவாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். பிஎச் 7.2இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவில் இருக்கும். 8இல் நாலில் ஒரு பங்குதான். அதே பணம், அதே கேன், ஆனால் வேலை செய்யும் வலு பாதிக்கும் கீழே. இன்னொன்றும் உண்டு: குளோரின் மிகுந்துவிட்ட பிறகு பிஎச் சோதனைச் சாயம் பொய் சொல்லும். அதனால் பிஎச் வேலை முன்னாடியே முடிந்தாக வேண்டும்.

பிஎச்சை இறக்கும் அமிலத்தை அவர் கையாண்ட விதத்தை நான் உற்றுப் பார்த்தேன். முழங்கை வரை கையுறை, கண்ணாடி, முகமூடி. காற்று முதுகுப்புறம் வரும்படி நின்றுகொண்டார். வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல் அமிலம். ஒருபோதும் மாற்றிச் செய்வதில்லை. "இது எங்கம்மா சொல்லிக் குடுத்தது," என்றார். அவர் அம்மா ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர். பால் உறைய ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். பால் உறையாமல் காக்க அமோனியா சேர்ப்பார்கள். வெறுங்கையோடு, வெறுங்காலோடு அந்தப் பெண்கள் செய்த வேலை அது. அம்மாவின் விரல்கள் வெந்து தோலுரிந்திருக்கும் என்றார்.

மாலையில் குளோரின் ஊற்றினார்கள். வெயிலில் ஊற்றினால் பயனில்லை. பாதுகாப்பு இல்லாத குளோரினில் பாதியை நேர்வெயில் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். இந்தக் குளத்துக்கு ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்றால் 60 கிராம். பத்து விழுக்காட்டுத் திரவக் குளோரின் 6 லிட்டர் ஊற்றினால் 10 பிபிஎம் ஏற வேண்டும். ஊற்றினார்கள், துலக்கினார்கள், கொஞ்ச நேரம் கழித்து அளந்தார்கள். தனிக் குளோரின் பூஜ்யம். வேறு பொருளோடு சேர்ந்து வலுவிழந்த பிணைந்த குளோரின் மட்டும் எகிறி நின்றது.

ஆசிரியர் கவலையோடு, சரக்கு கெட்டுப்போனதா என்று மலாயில் கேட்டார். அண்ணன் அவசரப்படவில்லை. பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தார். மீன்தொட்டிக் கடையில் விற்கும் அமோனியா சோதனைக் குப்பி. குளோரின் படாத முதல் நாள் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்திருந்தார். அதில் சொட்டுவிட்டதும் பச்சை நிறம் ஏறியது: ஏறத்தாழ 2 பிபிஎம்.

அந்த அமோனியா எங்கிருந்து வந்தது? குளோரின் மாத்திரைகளோடு சேர்ந்து நீரில் இறங்கும் சையனூரிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. "குளோரினுக்குக் கொட புடிக்கிற மருந்து," என்று அண்ணன் அதைச் சொன்னார். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதன் வேலை. குளம் கவனிப்பாரற்றுக் கிடந்து குளோரின் முற்றிலும் தீர்ந்த பிறகு, சிலவகை பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தைத் தின்று அமோனியாவாக மாற்றிவிடும். ஒரு பங்கு அமோனியாவை அழிக்க நடைமுறையில் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். அதாவது இந்தக் குளத்தில் பாசியைத் தொடுவதற்கு முன்பே 20 பிபிஎம், 12 லிட்டர் குளோரின், அமோனியாவுக்கே போய்விடும். இது தெரியாதவர்கள் முதல் கேனோடு மனம் தளர்ந்து, குளத்தை இறைத்துவிடுகிறார்கள்.

அன்று இரவு மாமனும் மருமகனும் ஊற்றுவதும் அளப்பதுமாக விளக்கு வெளிச்சத்தில் நின்றார்கள். பிணைந்த குளோரின் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது, கடைசியில் தனிக் குளோரின் தலைகாட்டி அப்படியே நின்றது. பையன் குப்பியை உயர்த்திப் பிடித்து, "மாமா, நிக்குது!" என்றான். அந்த ஒரு சொல்லில் இருந்த மகிழ்ச்சியை நானும் உணர்ந்தேன். கண்ணுக்குத் தண்ணீர் இன்னும் பச்சைதான். ஆனால் போர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சையனூரிக் அமிலம் 1.8 கிலோவை ஒரு காலுறையில் கட்டி, நீர் திரும்பி வரும் குழாய்க்கு முன்னால் தொங்கவிட்டார்கள். 30 பிபிஎம் கணக்கு. அதில் 40 விழுக்காடு, அதாவது 12 பிபிஎம் குளோரினைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அடுத்த கட்டம். இங்கேதான் உடல் உழைப்பு. சுவர், படிக்கட்டின் இடுக்கு, ஏணியின் கால், விளக்கின் பின்புறம் என்று பாசி ஒளியும் ஒவ்வொரு இடத்தையும் துலக்க வேண்டும். வழவழப்பான படலத்துக்கு உள்ளே இருக்கும் பாசியைக் குளோரின் எட்டாது. துலக்குமாறு அந்தப் படலத்தைக் கிழித்தால்தான் எட்டும். புதிய மோட்டார் இரவும் பகலும் ஓடியது. மணல் வடிகட்டியின் அழுத்தமானி ஏறும்போதெல்லாம் பையன் பேக்வாஷ் செய்தான். அந்த அழுக்கு நீரைக் குளோரின் இருக்கும்போது பரிட்டுக்குள் விடுவதில்லை. புல்தரையில் பாய விடுகிறார்கள். வாய்க்காலில் மீன் இருக்கிறது, அதன் கடைசியில் கடலை நம்பியவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் நீலம் காட்ட மயில்துத்தம் போடுகிறவர்களும் உண்டு. செம்பு சுவரில் கறையாகப் படியும், மீனைக் கொல்லும் என்று அண்ணன் அதைத் தொடுவதில்லை.

கரும்பச்சை இளம்பச்சையாகி, பிறகு சாம்பல் பூத்த வெண்மையானது. செத்த பாசி அது. அடியில் படிந்ததை வடிகட்டிக்கு அனுப்பாமல் நேரே வெளியே உறிஞ்சி எடுத்தார்கள். அதன்பின் ஒரு காலையில் ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடியின் துளைகளைக் கரையில் நின்றே எண்ண முடிந்தது. இது அழகுக்காக மட்டும் இல்லை. அடி தெரியாத நீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

தெளிந்ததும் வேலை முடிந்ததாக அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சூரியன் இறங்கியதும் ஓர் அளவு, விடிவதற்கு முன் ஓர் அளவு. இரவில் தனிக் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறையக்கூடாது. பிணைந்த குளோரின் அரையைத் தாண்டக்கூடாது. நீர் தெளிவாக இருக்க வேண்டும். மூன்றும் கூடி வந்தால்தான் பாசி செத்தது என்று பொருள். பிறகு நீரின் சமநிலை. நீர் எப்போது சுண்ணாம்பைக் கரைக்கும், எப்போது படியவைக்கும் என்று கணக்கிடும் முறையை 1936இல் லாங்லியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்தார். அதே கணக்கை அண்ணன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். மழைநீர் சேரச் சேர நீரின் காரத்தன்மை குறையும். குறைந்தால் பிஎச் நிலையில்லாமல் ஆடும், ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டை நீர் அரிக்கும். சமையல் சோடா ஒரு கிலோ போட்டால் இந்தக் குளத்தில் காரத்தன்மை 10 பிபிஎம் உயரும். 80 வரை கொண்டுவந்தார்.

மாத்திரைகளை மட்டுமே நம்ப வேண்டாம் என்று ஆசிரியருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போனால் 6 பிபிஎம் சையனூரிக் அமிலமும் சேரும். நாளுக்கு 2 பிபிஎம் செலவாகும் குளத்தில் மூன்று மாதத்தில் அது நூறைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியும் நூறுக்கு மேல் வேண்டாம் என்கிறது. அளவு மீறினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது.

மாத்திரையும் தூள் குளோரினும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கலாம். திரவக் குளோரினில் அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அண்ணன் தன் வேனில், ஒன்றோடொன்று சேரக்கூடாத சரக்குகளுக்கு நடுவே தடுப்புப் பலகை அடித்திருக்கிறார். ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் பல இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வாளியும் துலக்குமாறும் கையில் கிடைத்ததும் வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

மலாக்கா மக்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றிப் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2020 ஜனவரியில் மறுபடியும் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். குடிநீருக்காக ஜொகூரின் மூவார் ஆற்றையும் நம்பியிருக்கும் மாநிலம் இது. அப்படிப்பட்ட இடத்தில் 60,000 லிட்டரை வாய்க்காலில் கொட்டாமல் காப்பாற்றுவது ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் செய்த உதவி இல்லை.

இந்த மனிதர்களின் அறிவை நாம் அறிவு என்றே மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமிலத்தையும் அமோனியாவையும் நம் தாய்மார்கள் ஒரு தலைமுறை வெறுங்கையால் தாங்கினார்கள். அடுத்த தலைமுறை அதே பொருள்களை அளந்து ஆளக் கற்றிருக்கிறது. மூன்றாம் தலைமுறைக்கு அது எழுத்தில் கிடைக்க வேண்டும். அறிவோடு பாதுகாப்பும் வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு. 2020 முதல் வேறு பல துறையினருக்கும். ஒற்றை வேனோடு தொழில் நடத்தும் நம் ஆட்கள், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இந்தத் திட்டத்தில் தவறாமல் பதிய வேண்டும். அண்ணனின் நோட்டுப் புத்தகத்தை அச்சிட்டு, நம் தொழில்பயிற்சி வகுப்புகளில் வைத்தால், பையன்கள் நுரையீரலைக் கொடுத்துப் பாடம் கற்க வேண்டியிராது. பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ள அண்ணன் சம்மதித்துவிட்டார். தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்; கணக்குகளைச் சரிபார்ப்பது மருமகனின் பொறுப்பு.