தட்டைத் தொட்ட கை

"டிஜே செட்டெல்லாம் வாத்தியம் ஆகாது. அதோடு பறையும் சேர்ந்தால் வெறும் இரைச்சல்." ஒரு கல்லூரிக் கலைவிழாவில் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவர் சொன்ன காரணம் இது. படிவத்தில் 'வாத்தியம்' என்ற இடத்தில் 'பறை, டர்ன்டேபிள்' என்று எழுதியிருந்தோம்.

கோபத்தோடு திரும்பினோம். கோபம் அடங்கியபின் ஒரு கேள்வி மிஞ்சியது: எது வாத்தியம் என்று முடிவு செய்வது யார்?

தோழர்களே, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைப் பாருங்கள். நெடுஞ்சாலை போடுவதற்காக வீடுகளை இடித்து மக்களை விரட்டிய இடம். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் நிறைந்த பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, அங்கே ஒரு குடியிருப்பில் சகோதரி சிண்டி நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். பாட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அந்த நொடிகளை நிமிடங்களாக நீட்டினார்.

இசைத்தட்டின் மேல் விரல் படக்கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதை மீறித் தட்டின் மேலேயே கைவைத்தார். சிறுவன் தியோடர் வீட்டில் பழகிக்கொண்டிருந்தபோது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். 'ஸ்க்ராட்ச்' பிறந்தது அப்படித்தான்.

'தொடாதே' என்ற சொல்லை நாம் வேறு இடத்தில், வேறு வலியோடு கேட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், தொட்ட கையிலிருந்துதான் புது இசை வந்தது என்பதைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

1939லேயே ஜான் கேஜ் தன் இசைப்படைப்பில் டர்ன்டேபிளைப் பயன்படுத்தியிருந்தார். அதைச் சோதனை இசை என்றார்கள். பிராங்ஸ் பிள்ளைகள் செய்தபோது, இசையே இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். கருவி ஒன்றுதான், கைகள்தான் வேறு. பிறகு கலிஃபோர்னியாவின் இன்விசிபிள் ஸ்க்ராட்ச் பிக்கிள்ஸ் குழுவில் ஒருவர் டிரம், ஒருவர் பேஸ், ஒருவர் மெட்டு என்று தட்டுகளாலேயே ஒரு பேண்ட் போல வாசித்துக் காட்டினார்கள்.

எங்கள் ஒத்திகை முதலில் படுதோல்வி. தம்பி ஒருவர் பல்லாவரம் சந்தையில் வாங்கிய பழைய இசைத்தட்டுகளோடு வந்தார். தட்டு ஒரே வேகத்தில் சுற்றும். சூடேறிய பறையோ ஓடிக்கொண்டே இருக்கும். "அண்ணா, நில்லுங்க!" என்று அவர் கத்த, "நீ வேகமா வாடா" என்று நாங்கள் கத்தினோம். வேகத்தைக் கூட்டும் குமிழை நகர்த்தி அவர் எங்களைத் துரத்தினார். மூன்றாம் நாள்தான் புரிந்தது, யாரும் யாரையும் துரத்தக்கூடாது என்று. நாங்கள் அடியை நிறுத்தி இடம் விட்டோம். அந்த இடைவெளியில் அவர் தட்டை உரசினார். அந்த உரசலுக்குச் சிண்டுக்குச்சி பதில் சொன்னது. அன்று யாரும் தலைமை தாங்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்டோம்.

இந்த ஆண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். வாத்தியம் என்ற இடத்தில் அதே இரண்டு சொற்கள்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்போம். மேடை கிடைக்காவிட்டால் எங்கள் தெருவில் வாசிப்போம். பிராங்ஸிலும் அது தெருவிலும் பூங்காவிலும்தான் வளர்ந்தது.

உங்கள் கல்லூரிப் படிவத்திலும் அந்த இடம் இருக்கும். உங்கள் கையில் இருப்பதை அதில் எழுதுங்கள்.

ஜெய் பீம்.