சுவாமிமலையில் சில நாழிகை

கும்பகோணத்திற்கு மேற்கே, காவிரிக் கரையில் அமைந்த சிற்றூர் சுவாமிமலை. மலை என்ற பெயரை நம்பி வருவோர் சற்றே வியப்படைவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்படுமேயன்றி, ஒரு சிறு குன்றும் தென்படாது. சமவெளியில் மனிதர் எழுப்பிய கட்டுமலையின் மேல்தான் முருகன் கோயில் நிற்கிறது. அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய அக்கோயிலுக்கு ஏறும் படிகள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் அப்படிகளுக்கு இடப்பட்டுள்ளன. தந்தையாகிய சிவனுக்கு மகன் பிரணவத்தின் பொருளை உரைத்த இடம் இது என்பது அவ்வூரார் போற்றும் தல வரலாறு.

நம் சமய நெறி வேறு. எனினும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் உலகறியக் கூறியிருக்கிறது. அம்மனநிலையோடு இவ்வூரின் தெருக்களில் சில நாழிகை நடந்து வருவது நமக்குப் பெரும் பயன் தரும். இங்கே கண்டு கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது காத்திருத்தல் என்னும் பாடம்.

மண்ணுக்குள் மறைந்த வடிவம்

சுவாமிமலையின் புகழுக்குக் கோயில் ஒரு காரணம். உலோகச் சிற்பக் கலை மற்றொரு காரணம். சோழர் காலத்திலிருந்து வழிவழியாக வரும் வார்ப்புக் கலையை இவ்வூர் ஸ்தபதிகள் இன்றும் காத்து வருகின்றனர். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுடில்லியில் ஜி-20 மாநாடு கூடிய மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட, ஏறத்தாழ 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்ட நடராசர் சிலை இவ்வூரில் உருவானதே.

இக்கலையின் முறையைச் சிறிது விளக்குவோம். முதலில் தென்னை ஓலைக் கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்திற்கு நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, இடை, கால் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக் கொள்கின்றனர். இதற்கு ஒடியோலை என்று பெயர். பின்னர் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகைக் கையால் பிடித்து முழு உருவத்தையும் செய்கின்றனர். விரல் நகம் முதல் அணிகலன் வரை எல்லாம் மெழுகில் அமைந்த பிறகு, காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைக் குழைத்து அதன்மேல் பூசுகின்றனர். அது நிழலில் உலர்ந்த பின் மணல் கலந்த களிமண்ணால் மேலும் பல பூச்சுகள். இவ்வாறு அமையும் மண் அச்சுக்குத் தமிழில் கரு என்றும் பெயர் உண்டு.

அடுத்து வருவது நெருப்பு. வரட்டி அடுக்கி மண் அச்சைச் சுடும்போது, உள்ளிருக்கும் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறி விடுகிறது. எத்தனையோ நாள்கள் கண்ணும் கருத்துமாய்ச் செய்த உருவம் ஒரு சில நிமிடங்களில் இல்லாமற் போகிறது! எஞ்சுவது வெறுமை மட்டுமே. ஆனால் அவ்வெறுமைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. அச்சை மண்ணில் புதைத்து வாயை மட்டும் மேலே விட்டு, மூசையில் உருகிக் கொதிக்கும் உலோகத்தை அந்த வெறுமைக்குள் இடைவிடாது ஊற்றுகின்றனர். அதன் பிறகு எவரும் அதைத் தொடுவதில்லை. ஆறும் வரை காத்திருக்கின்றனர்.

பட்டறை ஒன்றில் முதிய ஸ்தபதி ஒருவரை அணுகி, "உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று இப்போது தெரியுமா, ஐயா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துக்கொண்டே, "உடைச்சாத்தானே சாமி தெரியும். அதுவரைக்கும் அடுத்த மெழுகைப் பிடிக்க வேண்டியதுதான்" என்றார்.

அவ்வாறே அவர் கையில் வேறொரு மெழுகு உருவம் பாதி முடிந்த நிலையில் இருந்தது. ஆறுகின்ற அச்சை அவர் அடிக்கடி திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதை மறந்து விடவும் இல்லை. எல்லா வார்ப்பும் நன்றாக அமைந்து விடுவதில்லை. காற்றோ ஈரமோ உள்ளே சிக்கினால் சிலை பழுதாகும். அப்போது மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. ஒடியோலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஆனால் உலோகம் வீணாவதில்லை. மறுபடியும் மூசைக்குள் செல்கிறது.

ஆறு வரும் நாள்

பட்டறையை விட்டு வெளியே வந்தால் வயல்வெளி. அங்கேயும் ஒரு காத்திருத்தல்!

தஞ்சைத் தரணியின் உழவுக்கு உயிர்நாடி மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் குறுவைக்காக அணையைத் திறப்பது மரபு. திறந்த நீர் மூன்று நான்கு நாள்களில் கல்லணையை அடைந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து ஊர் ஊராய்ப் பாயும். அது வரும் நாளைக் கணக்கிட்டே நாற்றங்கால் அமைப்பதும், கடன் வாங்குவதும், வீட்டில் நல்ல காரியங்களுக்கு நாள் குறிப்பதும் நடைபெறும்.

ஆனால் மரபு எப்போதும் நிலைத்ததில்லை. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த ஜூன் 12-இல் அணை திறக்கப்படவில்லை. 2017-இல் அக்டோபர் 2-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. 2022-இலோ மே 24-ஆம் நாளே நீர் வந்தது. 2023-இல் குறித்த நாளில் வந்தும், பருவமழை பொய்த்ததால் இடையில் நீர் குறைந்து குறுவைப் பயிர் வாடியது. 2024-இல் ஜூலை 28. 2025-இல் மீண்டும் ஜூன் 12. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்பதை எந்த உழவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

அப்படியிருந்தும் கோடையில் இப்பகுதிக்கு வருவோர் என்ன காண்கின்றனர்? வறண்ட வயலில் கோடை உழவு நடக்கிறது. வரப்புகள் வெட்டிச் சீராக்கப்படுகின்றன. வாய்க்கால்கள் தூர்வாரப்படுகின்றன. எரு அடிக்கப்படுகிறது. விதைநெல் பத்திரமாய் இருக்கிறது. குறுவை தவறினால் சம்பாவுக்கேனும் நிலம் ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பது உழவரின் கணக்கு. நீர் வந்த பிறகு தூர்வாரத் தொடங்குபவருக்கு அந்த நீர் பயன்படாது அல்லவா?

எது இறைத்திட்டம்?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. துன்பம் வரும்போதெல்லாம் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லி அமைந்து விடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் எல்லாத் தாமதத்தையும் இறைவன் மேல் சுமத்துவது முறையாகாது. காவிரி நீரைப் பகிர்வது பற்றிய வழக்கு மனிதர்களுடையது. 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என அது நீண்டு வந்திருக்கிறது. மனிதர் நீதியோடு பகிர்ந்து கொள்ளாததால் காயும் வயலை இறைவன் காய வைத்தார் என்று சொல்லலாமா? நடவு வேலை இல்லாமற்போய், கூலிக்காக வெளியூர் செல்லும் ஏழைத் தாயிடம் "இது கடவுளின் திட்டம், பொறுத்துக் கொள்" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அவள் பசியாற உதவுவதும் நீதிக்காகக் குரல் கொடுப்பதுமே அவ்வேளையில் நம்மிடம் இறைவன் எதிர்பார்ப்பது.

அப்படியானால் இறைத்திட்டத்தில் நம்பிக்கை கொள்வது என்றால் என்ன? இறைவாக்கினர் எரேமியா இதற்கு நல்ல விடை தருகிறார். கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்திருந்தது. எரேமியாவோ காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடந்தார். அவ்வேளையில் உறவினரான அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தம் நிலத்தை வாங்கிக் கொள்ளுமாறு வேண்டினார். நாடே பறிபோகும் நேரத்தில் நிலம் வாங்குவார் உண்டோ? ஆயினும் ஆண்டவரின் சொல்லுக்குப் பணிந்து, 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து எரேமியா அதை வாங்கினார். பத்திரத்தை நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மட்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். நகரம் பகைவர் கையில் விழப்போகும்போது இந்நிலம் எதற்கு என்று இறைவனிடமே முறையிடுகிறார். அதாவது, எல்லாம் விளங்கிய பின் அவர் கீழ்ப்படியவில்லை. கீழ்ப்படிந்த பின்னும் அவருக்கு எல்லாம் விளங்கி விடவில்லை. கலக்கமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எருசலேம் வீழ்ந்தது. எரேமியா எகிப்துக்கு இட்டுச் செல்லப்பட்டார். அவர் அந்நிலத்தில் ஏர் பூட்டியதாக விவிலியம் எங்கும் கூறவில்லை. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 538-இல் பாரசீக மன்னர் சைரசு ஆணையிட, நாடுகடத்தப்பட்டோர் திரும்பத் தொடங்கினர். எஸ்ரா நூலில் உள்ள அவர்களின் பட்டியலில் அனத்தோத்து ஊரார் 128 பேர் எண்ணப்பட்டுள்ளனர். வாங்கியவர் காணாத நாளை வேறு பலர் கண்டனர்.

நம் இல்லங்களில்

அன்பு வாசகர்களே! நம் பங்குகளில் காத்திருக்காத குடும்பம் எது? மகளுக்கு வரன் அமையவில்லை என்று ஒரு வீடு. மழலைச் செல்வம் வேண்டி நோன்பிருக்கும் ஒரு வீடு. படித்த மகனுக்கு வேலை இல்லை என்று ஒரு வீடு. மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காக உறக்கமின்றி இருக்கும் ஒரு வீடு. வெளிநாடு சென்றவரின் தொலைபேசி அழைப்புக்காக இரவெல்லாம் விழித்திருப்போரும் உளர். இவர்களுள் எவருக்கும் நாம், "நீங்கள் கேட்டது கேட்டபடியே கிடைக்கும்" என்று உறுதி கூற முடியாது. கூறவும் கூடாது. எரேமியாவுக்கே அவ்வாறு கிடைக்கவில்லை.

நாம் உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்றே. இறைவன் தம் மக்களைக் கைவிடுவதில்லை. எனவே இந்த இடைக்காலம் வீணான காலம் அன்று. அவர் செய்வது நமக்கு மறைவாயிருக்கலாம். நாம் செய்ய வேண்டியதோ பெரும்பாலும் நம் கண்முன்னேயே இருக்கிறது. வேலை கிடைக்காத இளைஞன் ஒரு கைத்தொழிலைக் கற்கலாம். நோயின் முடிவு தெரியாத இல்லத்தில் இன்றைய மருந்தை இன்றே கொடுத்து, இன்றைய குடும்ப செபத்தை இன்றே சொல்லலாம். மனம் பொறாதவர் எரேமியாவைப் போல் ஆண்டவரிடமே வழக்காடலாம், அதுவும் செபமே. காத்திருப்பவரின் அண்டை வீட்டாராகிய நாம், துருவித் துருவிக் கேள்வி கேட்டுப் புண்படுத்தாமல், உடனிருந்து ஒரு வேளை உணவேனும் பகிரலாம்.

சுவாமிமலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பின் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மெழுகு உருகி வெளியேறிய அச்சு ஒன்றையும், நீருக்கு முன்னரே தூர்வாரிய வாய்க்கால் ஒன்றையும் அவர்களுக்குக் காட்டுங்கள். பொறுமை என்பது கைகட்டி நிற்பதன்று என்பதை அவர்கள் எளிதில் விளங்கிக் கொள்வர். காத்திருக்கும் உங்கள் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஆண்டவரின் அமைதி தங்குவதாக!